மயிலும் கானமயிலும்: ஓர் ஒப்பாய்வு

நம் அறநூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கை கொண்டு வகைப்படுத்திக் காட்டுகின்றன. தொல்காப்பிய மரபியலும் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வரிசைப்படுத்துகிறது. இன்றைய உயிர்நூலார் உடலமைப்பையும் மரபணுவையும் அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்துகின்றனர். வழிகள் வேறாயினும் உயிர்களை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நோக்கம் ஒன்றே. அறியாத உயிரை எவ்வாறு காக்க இயலும்? ஆகவே, பெயரால் நெருங்கியும் நிலையால் மிக விலகியும் நிற்கின்ற இரண்டு பறவைகளை இக்கட்டுரையில் ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று நாம் நாள்தோறும் காணும் மயில். மற்றொன்று நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத கானமயில்.

மயில் நமக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியைக் கற்றிருக்கிறோம். திகம்பர முனிவர் திருக்கரத்தில் மயிற்பிஞ்சியைக் கண்டு வணங்கியிருக்கிறோம். கானமயிலோ வடமேற்கு இந்தியாவின் வறண்ட புல்வெளிகளில் ஒடுங்கி, அழிவின் விளிம்பில் நிற்பது. இராசத்தான மக்கள் அதனைக் 'கோடாவண்' என்றும் மராட்டிய மக்கள் 'மாள்டோக்' என்றும் அழைப்பர். 'கான மயில்' என்று பழஞ்செய்யுள்களில் வரும் தொடர் காட்டில் வாழும் மயிலைக் குறிப்பதாகும். இக்காலத் தமிழ்ப் பறவை நூல்களில் 'கானமயில்' என்பது இத்தனிப் பறவையின் பெயராக வழங்குகிறது. இவ்வேறுபாட்டை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் நன்று.

1. வகைப்பாடு

மயிலின் அறிவியற்பெயர் பாவோ கிரிஸ்டாட்டஸ் என்பதாகும். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். கோழி, காடை, கௌதாரி ஆகியன அடங்கிய காலிஃபார்மிஸ் என்னும் வரிசையில், ஃபாசியானிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. பாவோ என்னும் பேரினத்தில் இரண்டே இனங்கள் உள்ளன. ஒன்று நம் நீல மயில். மற்றது தென்கிழக்கு ஆசியாவில் வாழும் பச்சை மயில். ஆப்பிரிக்காவின் காங்கோ மயில் வேறு பேரினத்தைச் சார்ந்தது.

கானமயிலின் அறிவியற்பெயர் ஆர்டியோடிஸ் நைக்ரிசெப்ஸ் என்பதாகும். 1831-இல் விகர்ஸ் என்பார் இதனை விவரித்தார். பெயரில் மயில் இருப்பினும் இது மயிலின் உறவன்று. முற்காலத்தில் இதனைக் கொக்குப் போன்ற நெடுங்காற் பறவைகளான நாரைக் கொக்குகள் அடங்கிய வரிசையில் வைத்திருந்தனர். மரபணு ஆய்வுகள் வளர்ந்த பின்னர், ஓடிடிஃபார்மிஸ் என்னும் தனி வரிசையில், ஓடிடிடே குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. இதன் பேரினத்தில் நான்கு இனங்கள் உள்ளன. மற்ற மூன்றும் அரேபியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளுக்கு உரியவை.

இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. அது பாதத்தில் இருக்கிறது. மயிலுக்கு முன்னோக்கிய விரல்கள் மூன்றும் பின்னோக்கிய விரல் ஒன்றும் உள்ளன. ஆகவே அது கிளையைப் பற்றி அமரும். இரவில் உயர்ந்த மரத்தில் அடையும். கானமயிலுக்குப் பின்விரல் இல்லை. முன்விரல்கள் மூன்று மட்டுமே. மரக்கிளையைப் பற்ற அதனால் இயலாது. பிறப்பு முதல் இறப்பு வரை அதற்கு இருப்பிடமும் உறைவிடமும் தரையே. இச்சிறு விரல் ஒன்றே இவ்விரு பறவைகளின் வாழ்க்கையை வெவ்வேறாக்கிவிட்டது எனலாம்.

நம் அறநூல்களின்படி நோக்கினால் இரண்டும் ஒரே வகுப்பின. இரண்டும் திரியஞ்ச கதியைச் சார்ந்தவை; வானில் இயங்கும் கேசரங்கள்; முட்டையிற் பிறக்கும் அண்டஜங்கள்; மனமுடைய ஐம்பொறி உயிர்கள். வலியையும் அச்சத்தையும் நம்மைப் போலவே உணர்வன. அறிவியலின் அட்டவணையில் வரிசை வேறு, குடும்பம் வேறு. அருளின் அட்டவணையில் வேற்றுமை இல்லை.

2. உருவமும் வாழ்க்கை முறையும்

ஆண்மயில் சுமார் 4 முதல் 6 கிலோ எடையுள்ளது. அதன் தோகையை வால் என்று கருதுவது வழக்கம். உண்மையில் தோகை என்பது வாலின் மேற்புறத்தை மூடும் இறகுகள் நீண்டு வளர்ந்ததேயாகும். மெய்யான வால் பழுப்பு நிறத்தில் குறுகியதாய், விரித்த தோகையைப் பின்னின்று தாங்குகிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகை இறகுகள் ஆண்டுதோறும் தாமாகவே உதிர்ந்து, மீண்டும் முளைக்கின்றன. பெண்மயில் தரையில் மறைவான இடத்தில் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைகள் இட்டு, ஏறத்தாழ 28 நாள் அடைகாக்கும்.

கானமயில் சுமார் ஒரு மீட்டர் உயரமுடையது. வளர்ந்த ஆண் 15 கிலோ வரை எடையிருக்கும். உலகில் பறக்கும் ஆற்றலுடைய பறவைகளுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று இது. வெண்ணிறக் கழுத்தும் கருந்தலையும் பழுப்பு உடலும் கொண்டது. ஆண்பறவை இனப்பெருக்கக் காலத்தில் கழுத்துப் பையைக் காற்றால் நிரப்பித் தொங்கவிட்டு, நெடுந்தொலைவு கேட்கும் ஆழ்ந்த ஒலி எழுப்பும். பெண்பறவை திறந்த தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும். கூடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஏறத்தாழ 27 நாள் தான் ஒருத்தியாகவே அடைகாக்கும்.

இரண்டிலும் ஆண் உருவிற் பெரியது. ஆடிப் பெண்ணை ஈர்ப்பது. குஞ்சு வளர்ப்பில் பங்கு கொள்ளாதது. இரண்டும் தானியம், விதை, பூச்சி, பல்லியினம் ஆகியவற்றை உண்பன. ஆனால் ஒரு முட்டைக்கும் ஐந்து முட்டைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மயிலினத்தில் பத்துப் பறவைகள் இறந்தால் சில ஆண்டுகளில் இழப்பு ஈடாகும். கானமயிலினத்தில் ஒரு தாய்ப்பறவை இறந்தாலும் அவ்விழப்பு ஈடாவது அரிது.

3. வாழிடம்

இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் மயில் இயல்பாக வாழ்கிறது. இலையுதிர் காடு, குன்றுகளின் அடிவாரம், ஆற்றங்கரை, வயல்வெளி, சிற்றூர், கோயிற்சோலை என எங்கும் பொருந்தி வாழும் ஆற்றல் உடையது. தமிழகத்தில் விராலிமலை மயில்களுக்குப் பெயர் பெற்றது. அண்மைக் காலத்தில், முன்னர் மயில் அரிதாயிருந்த கேரளத்திலும் அது பரவியுள்ளது.

கானமயிலுக்கு வேண்டுவது ஒன்றே ஒன்றுதான்: பரந்து திறந்த வறண்ட புல்வெளி. நெடுந்தொலைவு நோக்கிப் பகையை அறிந்து விலகுவதே அதன் பாதுகாப்பு. அடர்ந்த மரங்கள் அதற்கு உதவா. ஒரு காலத்தில் பஞ்சாப் முதல் தமிழகம் வரை, மேற்கே சிந்து முதல் கிழக்கே ஒடிசா வரை அது காணப்பட்டது. இன்று அதன் பெரும்பகுதி இராசத்தானத்தின் ஜைசல்மேர் மாவட்டத்துத் தார்ப் பாலையில் ஒடுங்கிவிட்டது. அங்கே 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பாலைத் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. குஜராத்தின் கட்ச், மராட்டியத்தின் சோலாப்பூர், கர்நாடகத்தின் பல்லாரி, ஆந்திரத்தின் கர்நூல் ஆகிய பகுதிகளில் முன்பு இருந்த கூட்டங்கள் அழிந்தன அல்லது விரல்விட்டு எண்ணும் அளவிற்குக் குறைந்தன. கட்ச் பகுதியில் பெண்பறவைகள் மட்டுமே எஞ்சின, ஆண்பறவை இல்லை.

புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதிவைத்தது நம் காலத்தின் பெரும்பிழை. தரிசு என்றால் பயனற்றது என்று பொருள் கொண்டு, சில இடங்களில் உழுதோம். சில இடங்களில் தொழிற்சாலை வைத்தோம். சில இடங்களில் நற்செயல் என்று கருதி மரமும் நட்டோம். சீமைக்கருவேலம் பரவிய நிலத்தில் கானமயிலுக்கு இடமில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது. எவ்வுயிருக்கு எது வாழிடம் என்னும் அறிவும் வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

4. பாதுகாப்பு நிலை

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் உயிரினங்களின் நிலையைப் படிகளாக வகுத்துள்ளது. அவற்றுள் மயில், 'கவலை மிகக் குறைந்த இனம்' என்னும் கீழ்ப்படியில் உள்ளது. கானமயில் 2011 முதல் 'அழிவின் விளிம்பில் உள்ள இனம்' என்னும் படியில் உள்ளது. அதற்கு மேல் எஞ்சியிருப்பவை இரண்டு படிகளே: இயற்கையில் அற்றுப்போதல், முற்றாக அற்றுப்போதல்.

1969-இல் கானமயில்கள் ஏறத்தாழ 1,260 என மதிப்பிடப்பட்டன. 2018-ஆம் ஆண்டளவில் அவ்வெண்ணிக்கை சுமார் 150 ஆகக் குறைந்தது. அரை நூற்றாண்டில் எட்டில் ஏழு பங்கு மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்று நினைக்கத்தக்கது. இந்தியாவின் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் காலத்தில், பறவையியல் அறிஞர் சாலிம் அலி கானமயிலையே பரிந்துரைத்தார். அழியும் நிலையிலுள்ள பறவைக்கு அப்பெருமை கிட்டினால் அதனைக் காக்க நாடு முன்வரும் என்பது அவர்தம் கருத்து. ஆனால் நாடெங்கும் மக்கள் அறிந்ததும் கலையிலும் சமயத்திலும் இடம்பெற்றதுமான மயிலே 1963-இல் தேசியப் பறவையாயிற்று. 1981-இல் கானமயில் இராசத்தானத்தின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இரண்டு பறவைகளும் இடம்பெற்றுள்ளன. இவற்றை வேட்டையாடுவோருக்கு மூன்றாண்டிற்குக் குறையாத, ஏழாண்டு வரையிலான சிறைத்தண்டனை உண்டு. ஒரே சட்டம், ஒரே அட்டவணை. ஆயினும் ஒன்று பெருகியது, ஒன்று அருகியது. ஏன்? இவ்வினாவே இப்பாடத்தின் உயிர்நாடி.

5. ஒன்று பெருக, ஒன்று அருகக் காரணம்

சட்டம் கொலைஞனின் கையைத் தடுக்கும். மயிலுக்கு அதுவே பெரும்பாலும் போதுமானதாயிற்று. மயில் மனிதனோடு வாழக் கற்றது. அதற்கு வயலும் உண்டு, மரமும் உண்டு. கானமயிலை இன்று கொல்வது பெரும்பாலும் வேடன் அல்லன்.

முதற்காரணம் மின்கம்பி. தார்ப் பாலையில் காற்றாலைகளும் கதிரொளி மின்நிலையங்களும் பெருகியபின் உயர் அழுத்தக் கம்பிகள் வானைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியுள்ளன. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. நேர்முன்னே காணும் பரப்பு அதற்குக் குறைவு. பறக்கும்போது கீழே தரையை நோக்கியே செல்லும். கனத்த உடலாதலின் கம்பியை அருகிற் கண்டபின் சட்டென்று திரும்பவும் இயலாது. தார்ப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் கம்பியில் மோதி இறக்கின்றன என இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. மொத்தமே நூற்றைம்பது அளவில் உள்ள இனத்தில் பதினெட்டு எத்தகைய இழப்பு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை இயன்றவரை நிலத்தடியில் பதிக்கவும், எஞ்சியவற்றில் பறவைகள் கண்டு விலகும்படி அடையாளத் தகடுகளைத் தொங்கவிடவும் ஆணையிட்டது. தூய மின்னாற்றலின் தேவையையும் பறவையின் உயிரையும் ஒருசேர நோக்கவேண்டி, 2024 மார்ச்சில் அவ்வாணையைத் திருத்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது.

இரண்டாம் காரணம் தெருநாய். தரையிலிட்ட ஒற்றை முட்டைக்கும் பறக்கவியலாக் குஞ்சுக்கும் நாய்க்கூட்டம் பெரும்பகை. உயிரிரக்கத்தால் ஊர்ப்புறத்தில் கொட்டும் உணவு நாய்களைப் பெருக்கி, இன்னோர் உயிரின் குலத்தை அழிக்கக்கூடும். நம் சீவதயைப் பணிகளில் ஈடுபடும் அன்பர்கள் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். நாய்க்கும் இரங்குவோம், அதனை ஊருக்குள் முறையாகப் பேணி, கருத்தடை செய்வித்து, புல்வெளிக்குச் செல்லாதவாறு காப்பதே இரக்கத்தின் நிறைவு.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019-இல் ஜைசல்மேர் அருகே சாம் என்னுமிடத்தில், முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்க்கும் பணி தொடங்கியது. பின்னர் ராம்தேவ்ராவிலும் நிலையம் அமைந்தது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் முறையில் முதல் குஞ்சு பிறந்தது. வளர்த்த பறவைகளை விடுவதற்குப் பாதுகாப்பான புல்வெளி இருந்தாலன்றி இம்முயற்சி முழுப்பயன் தராது.

6. அறநூல் நோக்கில் இவ்விரு நிலைகள்

இல்லறத்தாரின் இம்சையை நம் ஆசாரியர்கள் நால்வகையாகப் பகுத்தனர்: கருதிச் செய்யும் சங்கல்பி, இல்வாழ்வுச் செயல்களில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்தியோகி, தற்காப்பில் நேரும் விரோதி என்பன அவை. இவற்றுள் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

மயிலுக்கு இன்று நேரும் தீங்கு சங்கல்பியைச் சார்ந்தது. நம் தமிழ்ச் சமண மக்களிற் பலர் வந்தவாசி, செஞ்சி, போளூர் வட்டாரங்களில் உழவையே நம்பி வாழ்பவர்கள். விதைத்த மணிலாவை மயில் கிளறுவதும், நெற்கதிரை உருவுவதும் உழவர்க்குப் பெருந்துன்பம் என்பதை மறுப்பதற்கில்லை. அத்துன்பத்தைத் தாங்காது நஞ்சு கலந்த தானியத்தை வரப்பில் இடுவோரும் நாட்டில் உளர். அதனைத் தற்காப்பு என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாகாது. கொல்லும் கருத்தோடு செய்வதால் அது சங்கல்பியே ஆகும்.

யசோதர காவியம் கூறும் கதையை நினைவு கொள்க. யசோதர மன்னன் தன் தாய் சந்திரமதியின் சொற்கேட்டு உயிர்ப்பலிக்கு மாற்றாக மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். உயிரில்லாப் பொம்மையாயினும் கொல்லும் கருத்து இருந்தமையால் வினை பற்றியது. மறுபிறப்பில் மன்னன் மயிலானான்; தாய் நாயானாள். வயலுக்கு வரும் மயிலை நோக்குங்கால் இக்கதை நம் நெஞ்சில் எழுதல் வேண்டும். விதைத்தவுடன் மண்மூடுதல், நாற்றங்காலுக்கு வலை கட்டுதல், ஒளிரும் நாடாக்களைக் கட்டுதல், மயில் மேயவரும் காலையிலும் மாலையிலும் காவலிருத்தல் ஆகிய கொல்லா வழிகள் உள்ளன. உழைப்பும் செலவும் மிகும். ஆயினும் விரதம் என்பது எளிதாயிருக்கும் நாளில் மட்டும் காப்பதன்று.

கானமயிலுக்கு நேரும் தீங்கு வேறுவகை. கம்பி கட்டியவனுக்குப் பறவையைக் கொல்லும் எண்ணம் இல்லை. அவன் பறவையை எண்ணியே பார்த்திலன். 'கொல்லக் கருதவில்லையே, இதிற் குற்றம் என்ன?' என்று கேட்கலாம். கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகிறது. அக்கவனமின்மைக்குப் பிரமாதம் என்று பெயர். ஆகவே கருதாமையால் மட்டும் குற்றம் நீங்கிவிடுவதில்லை. கருதியிருக்க வேண்டியதைக் கருதாமையே குற்றமாகிறது. தொழிலதிபர்களும் பங்கு முதலீட்டாளர்களும் நம் சமுதாயத்தில் மிகுதி. தம் பொருள் எந்நிலத்தில், எவ்வுயிரின் வாழிடத்தில் முதலாகிறது என்று வினவுவது அவர்தம் அணுவிரதத்தின் பகுதியேயாகும்.

7. பிஞ்சி கற்பிக்கும் பாடம்

திகம்பர முனிவர் மயிற்பிஞ்சி ஏந்துவது அழகிற்காகவன்று. அமரும் முன், கிடக்கும் முன், ஒரு பொருளை எடுக்கவும் வைக்கவும் முன், அங்குள்ள சிற்றுயிர்களை நோவுறாது விலக்குவதற்காகவே. ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது இதுவே. மயிலிறகு மென்மையானது, நீரையும் வியர்வையையும் எளிதில் ஏலாதது, உயிர்க்கொலையின்றித் தானே உதிர்வது. சுவேதாம்பர முனிவர் இப்பணிக்குக் கம்பளி நூலாலான ரஜோஹரணம் ஏந்துவர். தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆசாரியர் கழுகின் இறகை ஏந்தியமையால் கிருத்ரபிஞ்சாசாரியர் எனப் பெயர் பெற்றார் என்பது மரபு.

பிஞ்சியின் தூய்மை, 'தானே உதிர்ந்த இறகு' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. உதிர்ந்த தோகை இறகை உள்நாட்டில் வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் இடமளிக்கிறது. வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். ஆனால் கடையில் கட்டுக்கட்டாக வாங்கும் இறகு உதிர்ந்ததா, பறிக்கப்பட்டதா என்று நாம் பார்க்கிறோமா? தானே உதிர்ந்த இறகின் அடித்தண்டு உலர்ந்து தூய்மையாயிருக்கும். பிடுங்கிய இறகின் அடியில் குருதிக் கறையோ தசைத் துணுக்கோ காணப்படலாம். அடித்தண்டு நறுக்கப்பட்ட இறகு ஐயத்திற்குரியது. பிஞ்சி தானம் செய்யும் சிராவகர்கள் இதனைச் சோதித்து வாங்குதல் கடமை. கூடுமாயின் தத்தம் ஊர்க் குன்றுகளிலும் தோப்புகளிலும் உதிர்ந்த இறகைச் சிறுவர்களைக் கொண்டு சேகரித்து அளிப்பது மிகச் சிறந்தது. எறும்பைக் காக்க ஏந்தும் கருவி, மயிலைக் கொன்று செய்யப்பட்டதாயின் அதைவிட முரண் வேறில்லை.

வைக்கும் முன் பார்ப்பதே பிஞ்சியின் பாடம். முனிவர் ஒரு கமண்டலத்தை வைக்கும் முன்னர் அவ்விடத்தைப் பார்க்கிறார். நாம் ஒரு மின்கோபுரத்தை நிறுத்தும் முன், ஒரு வேலியை இடும் முன், ஒரு தோப்பை வைக்கும் முன் பார்த்தோமா? பார்த்திருந்தால் கானமயில் இந்நிலைக்கு வந்திராது.

தொகுப்புரை

மயில் கோழியினத்தைச் சார்ந்தது. கானமயில் தனி வரிசையைச் சார்ந்தது. மயில் மரத்தில் அடைவது, பல சூழலிலும் வாழ்வது, பல முட்டை இடுவது. கானமயில் தரையிலேயே வாழ்வது, புல்வெளி ஒன்றையே நம்புவது, ஒற்றை முட்டை இடுவது. மயிலின் நிலை கவலை குறைந்தது. கானமயிலின் நிலை மிகக் கவலைக்குரியது. மயிலுக்கு வேண்டுவது நம் பொறுமை; கானமயிலுக்கு வேண்டுவது நம் கவனம். இரண்டும் அகிம்சையின் இரு பக்கங்களே.

பாடசாலை மாணவர் சிந்தனைக்கு

1. பின்விரல் இல்லாமை கானமயிலின் வாழ்க்கையை எவ்வாறு வரையறுக்கிறது?
2. ஒரே சட்டப் பாதுகாப்பு இருந்தும் இரு பறவைகளின் நிலை வேறுபடக் காரணங்கள் யாவை?
3. மயிலுக்கு நஞ்சிடுதல், கானமயில் கம்பியில் மோதி இறத்தல்: இவ்விரண்டும் எவ்வகையில் இம்சையாகின்றன? விளக்குக.
4. உங்கள் ஊரில் உதிர்ந்த மயிலிறகு எக்காலத்தில், எங்கே கிடைக்கிறது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.

எவ்வுயிரும் இன்புறுக! அறம் வளர்க!